விசுவாசமும் கிரியையும்: ஒட்டோவின் ஒப்பீடும் நான்காம் வேற்றுமையும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஜெர்மானிய தேசத்து மார்பூர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த ருடால்ஃப் ஒட்டோ, இந்தியாவின் அருள்நெறியையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு எழுதிய நூல் 1930ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. ஒட்டோ லூதரின் வழிவந்த சபையைச் சார்ந்தவர். இந்தியாவுக்கு இருமுறை வந்தவர். யதீந்த்ரமத தீபிகையைத் தம் மொழியில் ஆக்கி வெளியிட்டவர். ஆகவே ஸ்ரீவைஷ்ணவ தரிசனத்தை அறியாமல் பேசியவர் என்று அவரைத் தள்ளிவிடுதல் தகாது. கிறிஸ்தவத்துக்குப் புறத்தே அருளால் மட்டுமே உய்வு என்னும் கோட்பாடு இத்துணைத் தெளிவாக நிற்கும் இடம் எம்பெருமானார் தரிசனமே என்று அவர் கண்டதும், அதை மறைக்காமல் எழுதியதும் நேர்மையான செயல்களே.

ஆயினும் அந்நூலாலும் அதன் வழிவந்த பல எழுத்துக்களாலும் ஒரு சூத்திரம் பரவிற்று. மார்ஜார நியாயம் கொண்ட தென்கலையார் லூதரை ஒப்பர். மர்க்கட நியாயம் கொண்ட வடகலையார் ரோமன் கத்தோலிக்கரை ஒப்பர் என்பது அது. குட்டியைத் தாய்ப்பூனை தானே கவ்விச் செல்வது விசுவாசம் ஒன்றாலேயே இரட்சிப்பு என்பதற்கும், குட்டி தாயைப் பற்றிக்கொள்வது விசுவாசத்தோடு நற்கிரியையும் வேண்டும் என்பதற்கும் உவமையாகக் கொள்ளப்பட்டன. அயல்நாட்டு அறிஞர் எழுதினார் என்பதால் இதைப் பெருமையாக எடுத்தாண்ட ஸ்ரீவைஷ்ணவர்களும் உண்டு. எதிர்க்கலையாரை இகழ இதைக் கருவியாக்கியவர்களும் உண்டு. இந்த ஒப்பீடு எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். பொருந்தாமை சிறிய விவரங்களில் இல்லை. கிரியைக்கு வகுக்கப்பட்ட ஸ்தானத்திலேயே உள்ளது.

கிறிஸ்தவத்தில் எழுந்த வழக்கு

பிறர் மதத்தை எடுத்துரைக்குமிடத்து அம்மதத்தார் தாமே ஒப்பும்படி உரைப்பது நியாயம். பூர்வபக்ஷத்தைக் குறைத்துச் சொல்லி ஸித்தாந்தம் நாட்டுவது பூருவாசாரியர்களின் வழக்கமன்று.

பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களில், நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் அன்றி விசுவாசத்தால் மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்றார். யாக்கோபின் நிருபமோ, கிரியை இல்லாத விசுவாசம் உயிரற்றது என்றது. இருவருமே ஆபிரகாமைச் சான்றாகக் காட்டினர் என்பது கவனிக்கத்தக்கது. பவுல், ஆபிரகாம் தேவனுடைய வாக்கை நம்பிய நிலையைக் காட்டினார். யாக்கோபு, அவன் தன் மகனைப் பலியிட முன்வந்த செயலைக் காட்டினார். ஒரே மனிதனின் வாழ்விலிருந்து இரண்டு முடிபுகள் எடுக்கப்பட்டபடியால், இரண்டையும் ஒருங்கவிடும் சுமை பின்வந்த உரையாளர்களுக்கு நேர்ந்தது.

மார்ட்டின் லூதர் 1522இல் வெளியிட்ட ஜெர்மன் மொழிபெயர்ப்பில், ரோமர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்னும் சொல்லைப் பொருள்தெளிவுக்காகச் சேர்த்தார். யாக்கோபின் நிருபத்தைத் தாழ்வாக மதித்தார். ஆனால் கிரியை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நல்ல மரம் நல்ல கனி தருவதுபோல, விசுவாசத்திலிருந்து கிரியை தானே தோன்றும் என்பது அவர் கொள்கை. 1530இல் எழுந்த ஆக்ஸ்பர்க் அறிக்கை இதனையே முறைப்படுத்திற்று. 1547இல் டிரென்ட் மகாசங்கத்தில் கத்தோலிக்கத் திருச்சபை இதை மறுத்து, தேவகிருபையே முதற்காரணம் என்றும், மனிதன் அதற்கு இசைந்து ஒத்துழைக்கிறான் என்றும், கிருபையில் நின்று செய்யும் கிரியைகள் நித்தியஜீவனுக்குத் தகுதி சேர்க்கும் என்றும் தீர்மானித்தது.

லூதர் வழியினருக்குள்ளும் பூசல் ஓயவில்லை. நற்கிரியைகள் இரட்சிப்புக்கு இன்றியமையாதவை என்று ஜார்ஜ் மேயர் கூற, அவை இரட்சிப்புக்கு ஊறு செய்வன என்றே ஆம்ஸ்டார்ஃப் கூறினார். இரண்டு கூற்றுக்களையும் விலக்கி 1577இல் உடன்பாட்டு நூல் ஒன்று இயற்றப்பட்டது. கத்தோலிக்கரும் லூதரன் உலகக் கூட்டமைப்பினரும் அடிப்படைகளில் உடன்பாடு கண்டு ஆக்ஸ்பர்க் நகரில் கையெழுத்திட்டது 1999 அக்டோபர் 31இல்தான். நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த வழக்கு இது. பூனை, குரங்கு என்னும் இரு உவமைகளுக்குள் அடங்குவதன்று.

ஒரு சொல், இரு பொருள்

இவ்வழக்கு தமிழுக்கு வந்ததும் லூதரன் சபையார் வழியாகவே. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு முயற்சியால், புதிய ஏற்பாடு 1715இல் தமிழில் அச்சாகி நிறைவுற்றது. தமிழ்ப் புராட்டஸ்டண்டு வழக்கில் விசுவாசம், கிருபை, கிரியை, இரட்சிப்பு என்னும் சொற்கள் வேரூன்றின. இவை யாவும் வடமொழி வழி வந்து, முன்னரே இந்நாட்டுச் சமய நூல்களில் பயின்ற சொற்கள்.

ப்ரபத்தியின் அங்கங்கள் ஐந்தனுள் மஹாவிச்வாஸம் ஒன்று. ஆநுகூல்ய ஸங்கல்பம், ப்ராதிகூல்ய வர்ஜநம், கார்ப்பண்யம், கோப்த்ருத்வ வரணம் என்பன ஏனையவை. ஆகவே தேவாலயத்தில் ஒலிக்கும் விசுவாசமும் ரஹஸ்ய காலக்ஷேபத்தில் ஒலிக்கும் விச்வாஸமும் ஒன்றே என்று செவி மயங்கும். சொல் ஒன்று, அது நிற்கும் வேற்றுமை வேறு. லூதரின் கோட்பாட்டில் விசுவாசம் மூன்றாம் வேற்றுமை ஏற்று நிற்கிறது. கிருபையே காரணமாயினும், விசுவாசத்தால் மனிதன் அதைப் பெறுகிறான்; விசுவாசம் வாங்கிக்கொள்ளும் கை. அக்கையையும் தேவனே தருகிறார் என்று லூதர் சேர்த்துச் சொன்னார் என்பதையும் மறத்தல் கூடாது. அப்படியே ஆயினும், பெறுதற்குக் கருவி அது என்பது மாறவில்லை.

பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசன பூஷணத்திலும் முமுக்ஷுப்படியிலும் காட்டியருளிய நிலை இதனின் வேறு. அங்கே உபாயம் எம்பெருமானே. ப்ரபத்தியையும்கூட உபாயம் என்று எண்ணுதல் குற்றம். அது அதிகாரிக்கு விசேஷணம் மாத்திரம். விச்வாஸத்தால் பெறுகிறான் என்பதில்லை. விச்வாஸமுடையவன் இவன் என்று அடையாளம் காட்டுவதே அதன் பணி. சேதநன் தன்னைப் பற்றும் ஸ்வகத ஸ்வீகாரத்தைவிட, ஈச்வரன் தானே கைக்கொள்ளும் பரகத ஸ்வீகாரமே முக்கியம் என்பது இதன் விரிவு. இந்நிலையில், விசுவாசமா கிரியையா என்று வினவினால், இரண்டும் உபாயமன்று என்பதே விடை. லூதர் கிரியையை மட்டும் விலக்கிய இடத்திலிருந்து லோகாசார்யர் இரண்டையும் விலக்கினார். பூனை நியாயத்தை 'விசுவாசம் மட்டும்' என்று மொழிபெயர்த்தல் இதனாலேயே பொருந்தாது.

தேசிகன் கத்தோலிக்கரை ஒப்பரோ?

மறுபாதியும் பொருந்தாது. ஸ்வாமி தேசிகன் ஸ்ரீமத் ரஹஸ்யத்ரயஸாரத்தில் எம்பெருமானை ஸித்தோபாயம் என்றும், ப்ரபத்தியை ஸாத்யோபாயம் என்றும் பிரித்தருளினார். பின்னது வ்யாஜம் எனப்பட்டது. வ்யாஜம் இல்லையேல், ஒருவனுக்கு அருளி மற்றொருவனைக் கைவிடும் ஈச்வரனுக்குப் பக்ஷபாதமும் கருணையின்மையும் ஆகிய குற்றங்கள் வரும் என்பதே அங்குள்ள ஆராய்ச்சி. வ்யாஜம் சேதநனுக்குத் தகுதியை உண்டாக்குவதில்லை, விலையும் ஆவதில்லை. அருள, காலம் பார்த்திருந்தவனுக்கு அது ஒரு சாக்கு. டிரென்ட் தீர்மானம் சொல்லும் தகுதியோ, கிருபையால் வளர்ந்து பலனுக்கு உரிமை தருவது. சாக்கையும் உரிமையையும் ஒன்றாக்கினால், ப்ரபந்நனின் ஆகிஞ்சந்யம், அதாவது கையில் ஒன்றுமில்லாமை, எங்கே நிற்கும்? ஆகிஞ்சந்யத்தை அதிகாரமாகக் கொண்ட ஆசார்யரைத் தகுதி சேர்ப்போர் வரிசையில் வைப்பது அவருடைய நூலைப் படியாதார் செயல்.

இரு கலையாரிடையே வேற்றுமை இல்லை என்பது இதன் கருத்தன்று. பதினெட்டு பேதங்கள் எண்ணப்பட்டிருக்கின்றன. அவை உபாயம் எம்பெருமானே என்னும் ஒரே கூரையின்கீழ் எழுந்தவை. பூனையையும் குரங்கையும் கலைகளின் கொடிகளாக்கியது பிற்காலப் பூசல். அதை வெளிநாட்டுப் பூசலோடு பிணைத்து மேலும் முறுக்குதல் வேண்டாத வேலை.

கிரியையின் ஸ்தானம்

இனி முக்கியமான இடம். லூதரின் கொள்கையில் கிரியை, விசுவாசத்திலிருந்து பிறக்கும் கனி; அஃதாவது ஐந்தாம் வேற்றுமையோடு தொடர்புறுவது. கனியைக் கண்டு மரம் இன்னதென்று அறியலாம். ஆகவே கிரியை சான்று. யாக்கோபு கேட்டதும் அச்சான்றையே. ஸ்ரீவைஷ்ணவ தரிசனத்திலோ கிரியை கைங்கர்யமாகி நான்காம் வேற்றுமையில் நிற்கிறது. திருமந்த்ரத்தின் இறுதியில் வெளிப்படையாய் நிற்கும் சதுர்த்தி கைங்கர்ய ப்ரார்த்தனையைக் காட்டுகிறது என்பது வியாக்யானங்களின் முடிபு. த்வயத்தின் உத்தர வாக்யமும் அதையே வேண்டுகிறது. சேதநன் எதனால் உய்ந்தான் என்னும் வினாவுக்குக் கிரியை விடையன்று. எதற்காக உய்ந்தான் என்னும் வினாவுக்கே விடை. வழியாகவோ, வழியில் நடந்ததற்குச் சான்றாகவோ வையாமல், சென்று சேரும் ஊராகவே அது வைக்கப்பட்டது. பரமபதத்திலும் அதுவே, இங்கே அதன் தொடக்கம்.

இதனால் ஓர் ஆக்ஷேபம் எளிதில் தீர்கிறது. அருளாலேயே மோக்ஷம் என்றால் மனிதன் ஒழுக்கத்தைக் கைவிடுவானே என்பது லூதர் வழியினர்க்கும் ஸ்ரீவைஷ்ணவர்க்கும் பொதுவான ஆக்ஷேபம். உண்மையான விசுவாசம் கனி தராமல் இராது என்பது லூதர் வழியினரின் ஸமாதானம். கைங்கர்யத்தைக் கைவிடுபவன் உபாயத்தை இழப்பவனல்லன், பெற்ற பலனையே வேண்டாம் என்பவன் என்பது ஸ்ரீவைஷ்ணவ ஸமாதானம். சோறு கிடைத்தது என்பதற்காக உண்ணாமல் எழுவார் உண்டோ?

அந்த உத்தர வாக்யத்திலேயே 'நம:' என்னும் சொல்லுக்கு, கைங்கர்யத்தில் முளைக்கும் களையை நீக்குதல் என்று பொருள் உரைப்பர். தன் மகிழ்ச்சிக்காகச் செய்தேன் என்னும் எண்ணமே அக்களை. கிரியையைப் பலனாக வைத்தபின்னும் அதில் அகங்காரம் புகும் வாயிலை அடைத்தனர். வியாக்யான மரபின் நுட்பம் இது.

பாவம் பற்றிய ஒட்டோவின் குறை

ஒட்டோ ஒரு குறையும் கூறினார். இந்திய அருள்நெறியின் அச்சு ஸம்ஸார பந்தத்திலிருந்து விடுதலை. கிறிஸ்தவத்தின் அச்சோ பாவத்தின் குற்றவுணர்வும் மன்னிப்பும் என்றார். இதில் பாதி உண்மை. சரணாகதி கத்யத்தில் எம்பெருமானார், மனம் மொழி மெய்களால் முன் செய்தவையும், செய்கின்றவையும், செய்யப்போகின்றவையும் ஆகிய அபசாரங்கள் அனைத்தையும் பொறுத்தருள வேண்டியதைப் படித்தவர், குற்றவுணர்வு இங்கே இல்லை என்று சொல்லார். அச்சு வேறு என்பது மட்டும் மெய். ஸ்ரீவைஷ்ணவ நோக்கில் எல்லாப் பாவங்களுக்கும் வேர் ஆத்மாபஹாரம்: எம்பெருமானுக்கே உரிய ஆத்மாவைத் தன்னது என்று கொண்ட திருட்டு. கட்டளையை மீறியது அதன் பின்னரே. இங்ஙனம் காணின், 'நான் செய்த நற்செயல்' என்று மார்தட்டுவதும் அத்திருட்டின் தொடர்ச்சியே. திருடிய பொருளிலிருந்து ஒரு பகுதியை உடையவனுக்கே காணிக்கையாக்கி, அதற்குக் கூலியும் கேட்பது போன்றது அது. பவுலும் மேன்மைபாராட்டலுக்கு இடமில்லை என்றார். இரு நெறிகளும் கண்ட பகை ஒன்றே. அது பகையானதற்குக் காட்டிய காரணம் வேறு.

ஒரே சாலையில் மூவர்

இக்கோட்பாடு நூலளவில் நின்றதன்று. பூவிருந்தவல்லியிலிருந்து ஸ்ரீபெரும்பூதூர் வழியாகக் காஞ்சிக்குச் செல்லும் பகுதியிலேயே அதற்கு மூன்று வாழ்வுகள் சான்றாகின்றன.

பூவிருந்தவல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகள் பேரருளாளனுக்குத் திருவாலவட்டக் கைங்கர்யம் செய்தவர். தமக்கு மோக்ஷம் உண்டோ என்று அவர் கேட்க, நீர் வீசியதற்கு நாம் பேசியது ஈடாயிற்று என்று பெருமாள் அருளினார் என்பது ஸம்ப்ரதாயத்தில் வழங்கும் ஐதிஹ்யம். கைங்கர்யத்தை விலையாக நீட்டினால், அது அங்கேயே தீர்ந்துவிடும் கணக்காகிறது. நம்பிகளைக் குறைகூற எழுந்ததன்று இவ்வரலாறு; பின்வருவோர் கணக்குப் பாராதிருக்கவே நம்பிகள் பேரால் இது சொல்லப்பட்டது.

பூவிருந்தவல்லியை அடுத்த பச்சைவாரணப் பெருமாள் கோயிலில் அவதரித்த முதலியாண்டான், சரமச்லோகத்தின் பொருளை வேண்டி நின்றவர். குலம், கல்வி, செல்வம் ஆகியவற்றால் வரும் செருக்கு நீங்கவேண்டும் என்று திருக்கோஷ்டியூர் நம்பி அவரை எம்பெருமானாரிடமே திருப்பி அனுப்பினார். பெரிய நம்பியின் திருமகளார் அத்துழாயின் புக்ககத்துக்குச் சீதன வெள்ளாட்டியாகச் சென்று சமையல் செய்யும்படி எம்பெருமானார் நியமித்தார். ஆண்டான் மறுசொல் இன்றிச் சென்றார். எல்லாத் தர்மங்களையும் விடச் சொல்லும் ச்லோகத்தின் பொருள், அடுப்படியில் நின்றவருக்கு அதன்பின் அருளப்பட்டது. சமையல் அதற்கு விலையன்று. விடவேண்டிய தர்மம் எது, செய்யவேண்டிய தொண்டு எது என்பதை அவருடைய வாழ்வே பிரித்துக் காட்டிற்று.

ஸ்ரீபெரும்பூதூருக்கு அணித்தான மதுரமங்கலத்தில் அவதரித்த எம்பார், தம் ஆசார்யரான பெரிய திருமலை நம்பியின் படுக்கையை விரித்து, அது உறுத்தாதிருக்கிறதா என்று அறியத் தாமே முதலில் படுத்துப் பார்ப்பாராம். ஆசார்யனின் சயனத்தில் படுத்தால் நரகமன்றோ என்று வினவப்பட்டபோது, தமக்கு நரகம் வரினும் வருக, ஆசார்யர் இனிதே கண்வளர்ந்தால் போதும் என்று விடையளித்தார். இங்கே கிரியை மோக்ஷத்தை நோக்கவே இல்லை. அதை இழக்கவும் துணிந்தது.

ஒட்டோ கிறிஸ்தவத்தோடு ஒப்பிட்டிருக்க வேண்டிய இடம் இது. ரோமர் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் பவுல், தம் இனத்தார்க்காகத் தாம் கிறிஸ்துவைவிட்டு விலக்கப்படவும் இசைவதாகச் சொன்னார். 1515-16ஆம் ஆண்டுகளில் அந்நிருபத்தைப் பாடம் சொன்ன இளமைக்கால லூதர், நரகத்துக்கும் இசையும் அன்பே தன்னலமற்ற அன்பு என்று இவ்விடத்தை விரித்தார். பூனையையும் குரங்கையும் விடுத்து எம்பாரையும் பவுலையும் அருகருகே வைத்தால், இரு நெறிகளும் உண்மையாகவே நெருங்கும் இடம் புலப்படும். அவ்விடத்தில் விசுவாசமா கிரியையா என்னும் வினா எழுவதில்லை. தன் உய்வு என்பதே கண்ணில் படாத நிலை அது.

இக்காலத்துக்கு

தானுகந்த திருமேனி எழுந்தருளியிருக்கும் ஸ்ரீபெரும்பூதூரைச் சுற்றி இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதலும், ஒரகடத்தில் 2010 முதலும் கார்கள் உற்பத்தியாகின்றன. இரவு பகல் என்று மாறிமாறி ஷிப்டு வேலை செய்யும் ஆயிரக்கணக்கானோருள் ஸ்ரீவைஷ்ணவக் குடும்பத்துப் பிள்ளைகளும் உள்ளனர். ஸந்த்யாகாலத்தில் இயந்திரத்தின் முன் நிற்பவனுக்கு என்ன கதி என்று பெற்றோர் வினவுகின்றனர். ஒப்பீட்டின் குறை இங்கே ஏட்டளவில் நில்லாமல் வாழ்வையே தொடுகிறது.

லூதரின் சூத்திரத்தை அரைகுறையாக ஏற்றவர், விச்வாஸம் இருந்தால் போதும், அநுஷ்டாநம் எதற்கு என்பர். எதிர்நிலையைப் பற்றியவர், விட்டுப்போனவற்றுக்கு ஈடாக அன்னதானத்தையும் திருப்பணி நன்கொடையையும் கணக்கெழுதிக் கொள்வர். பூருவாசாரியர்கள் இரண்டையும் இசையார். நித்யகர்மம் எம்பெருமானின் ஆஜ்ஞை என்பதால் அது ஆஜ்ஞா கைங்கர்யம் என்றார் தேசிகன். உலகோர் நலத்துக்காக, கருணையால் செய்யத்தக்கது என்றார் லோகாசார்யர். காரணம் கூறியதில் வேற்றுமை உண்டு. செய்யவேண்டும் என்பதிலும் அது மோக்ஷத்துக்கு விலையன்று என்பதிலும் வேற்றுமை இல்லை. ஆகவே வேலை காரணமாகக் காலம் தவறியவன் தன் மோக்ஷம் தவறிற்று என்று கலங்கவேண்டியதில்லை; காலம் வாய்த்தபோது அதைச் செய்யாமல் இருக்கவும் நியாயமில்லை. சோர்ந்து திரும்பியவன் கால் கழுவித் திருமண் இட்டுக்கொண்டு செய்யும் சிறிது அநுஸந்தாநமும், அடுத்த ஷிப்டுக்கு வரும் தோழனுக்கு இயந்திரத்தைப் பழுதின்றி ஒப்படைக்கும் கவனமும், கணக்கில் ஏறாதவரை கைங்கர்யத்தின் இனமே.

ஒட்டோவின் நூல் படிக்கத்தக்கது. அதன் மரியாதைக்கு மரியாதை செலுத்துவதும் தகும். அதன் அளவுகோலை மட்டும் கடன்வாங்க வேண்டியதில்லை. எதனால் உய்வு என்னும் வினாவுக்கு எம்பெருமான் திருவடிகளே என்றும், எதற்காக உய்வு என்னும் வினாவுக்குக் கைங்கர்யம் என்றும் விடை சொல்லக் கற்றவர், விசுவாசத்தையும் கிரியையையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கமாட்டார்.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.